முதல்ல பாருங்க, அப்புறம் பாராட்டுங்க: பயணப் படங்களுக்கு அக்காவோட டிப்ஸ்

தொடர் லீவு முடிஞ்சா போதும், ஃபோட்டோ குரூப்ல தனுஷ்கோடியும் ஹம்பியும் மூணாறும் வந்து குவியுது. ஒருத்தர் ஒரே மூச்சுல நாப்பது படம் அனுப்புறார். கீழ வரிசையா கட்டைவிரல், கைதட்டல், 'சூப்பர்', 'செம', 'வேற லெவல்'. பத்து நிமிஷத்துல அடுத்தவரோட நாப்பது வந்து, முதல் நாப்பதை மேல தள்ளிடுது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, மலை ஏறி, வெளிச்சத்துக்குக் காத்துக்கிடந்து எடுத்த படம் அதுல ஒண்ணு இருக்கும். அதை யாருமே நின்னு பார்க்கலைங்கிறதுதான் எனக்கு வருத்தம். ஆசையா கேமரா வாங்கி ஆரம்பிக்கிற தம்பி தங்கச்சிங்க பலபேர் கொஞ்ச நாள்ல ஓய்ஞ்சு போயிடறாங்க. குறை கேட்டு ஓய்ஞ்சவங்களை நான் அதிகம் பார்த்ததில்ல. நிறையப் பாராட்டு வாங்கியும், தன் படத்தை யாரும் உண்மையா பார்க்கலைன்னு தெரிஞ்சு ஓய்ஞ்சவங்கதான் அதிகம்.

அதனால எப்படிப் படம் எடுக்கிறதுன்னு இன்னிக்கு நான் பேசப்போறதில்ல. எடுத்ததை எப்படிக் காட்டணும், அடுத்தவங்க காட்டுறதை எப்படிப் பார்க்கணும், இது ரெண்டும்தான். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் முக்கியம். ஆனா காட்டுறவங்க ஒழுங்கா காட்டினாத்தானே பார்க்கிறவங்க ஒழுங்கா பார்க்க முடியும்? அதனால அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு ஊருக்கு எட்டு படம்

எட்டுக்கு மேல வேண்டாம். கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா பழகிக்கலாம். ஊர்லேர்ந்து வந்ததும் படங்களை எல்லாம் ஹார்டு டிஸ்க்ல ஏத்திட்டு ஒரு வாரம் தொடாதீங்க. பயணத்தோட சூடு கொஞ்சம் ஆறணும். எடுக்கும்போது பட்ட பாடு மனசுல பசுமையா இருக்கிற வரைக்கும், கஷ்டப்பட்டு எடுத்த படமெல்லாம் நல்ல படமாத்தான் தெரியும். பார்க்கிறவங்களுக்கு உங்க கால் வலி தெரியாது, படம் மட்டும்தான் தெரியும். ஒரு வாரம் கழிச்சு எல்லாத்தையும் சின்னச் சின்ன கட்டங்களா திரையில வெச்சுப் பாருங்க. அந்த அளவுலயும் எது கண்ணை இழுக்குதோ அதை மட்டும் தனியா எடுத்து வைங்க. ஒரே மாதிரி மூணு இருந்தா ஒண்ணு போதும்.

தஞ்சாவூர் பெரிய கோயிலையே எடுத்துக்கலாம். 1010-ல ராஜராஜன் கட்டி முடிச்சது, விமானம் மட்டும் 216 அடி உயரம். அங்க போற எல்லாரும் முழு விமானமும் ஃபிரேமுக்குள்ள வர்ற மாதிரி பின்னாடி பின்னாடி நடந்து போய் ஒரு படம் எடுப்போம். எடுக்கத்தான் வேணும், தப்பே இல்ல. ஆனா உங்க எட்டுல அது ஒண்ணா மட்டும் இருக்கட்டும். மீதி ஏழும் நீங்க பார்த்ததா இருக்கணும். சாயங்கால வெயில் பட்டுக் கருங்கல் நிறம் மாறுற அந்தக் கொஞ்ச நேரம், துவாரபாலகரோட விரல், பிரகாரப் புல்வெளியில வேட்டியை மடிச்சுக்கட்டிப் படுத்துக்கிடக்கிற ஒரு பெரியவர், அடிப்பகுதிக் கல்வெட்டுல ஒரே ஒரு வரி. இப்படி வந்தாத்தான், அந்தக் கோயிலுக்குப் பத்து தடவை போனவங்களும் உங்க படத்துக்கிட்ட நிப்பாங்க.

கல்வெட்டுன்னதும் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். லினேயஸ் ட்ரைப்னு ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசாங்கத்துக்காகப் படம் எடுத்தவர். 1858-ல இதே பெரிய கோயிலோட அடிப்பகுதிக் கல்வெட்டை 21 படமா எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். அந்தக் காலத்துக் கேமராவோட எடையையும், ஒவ்வொரு படத்துக்கும் ஆகிற நேரத்தையும் நினைச்சுப் பாருங்க. 21 படமும் ஒரே விஷயத்தைச் சொல்றதுக்காகச் சேர்ந்து நிக்குது. நாம அனுப்புற எட்டும் அப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு பேசணும். தூரத்துலேர்ந்து ஒண்ணு, கிட்டத்துலேர்ந்து ஒண்ணு, மனுஷங்களோட ஒண்ணுன்னு வரிசைப்படுத்தி அனுப்புங்க. கேலரியில இருக்கிற வரிசையிலேயே தள்ளிவிடாதீங்க.

அனுப்புற விதம்

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கிடும். ஹெச்டி-ன்னு போட்டு அனுப்பினா பரவாயில்ல, ஆனா அதுவும் முழு அளவு இல்ல. எடுத்த படம் எடுத்தபடியே போய்ச் சேரணும்னா 'டாக்குமெண்ட்'டா அனுப்பணும். எல்லாப் படத்தையும் அப்படி அனுப்பி மத்தவங்க டேட்டாவைத் தீர்க்க வேண்டாம். நுணுக்கமா கருத்து கேக்கிற படத்தை மட்டும் அப்படி அனுப்புங்க.

இதுல ஒரு எச்சரிக்கை. டாக்குமெண்ட்டா போற படத்தோட, எந்த லென்ஸ், என்ன ஷட்டர், எத்தனை மணிக்கு எடுத்ததுங்கிற விவரமெல்லாம் கூடவே போகும். கத்துக்கிறவங்களுக்கு அது ரொம்ப நல்லது. ஆனா மொபைல்ல லொகேஷன் ஆன்ல இருந்திருந்தா, நீங்க நின்ன இடமும் அப்படியே போகும். தங்கியிருக்கிற லாட்ஜ் ஜன்னல்லேர்ந்து எடுத்த சூரிய உதயத்தை அன்னிக்குக் காலையிலேயே அனுப்பாதீங்க. தனியாவோ ரெண்டு மூணு பேராவோ டூர் போற தங்கச்சிங்களுக்கு இதை அழுத்திச் சொல்றேன்: ஊரை விட்டுக் கிளம்பின பிறகு படம் போட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது.

இன்னொண்ணு. திரை வெளிச்சத்தை முழுசா ஏத்தி வெச்சு எடிட் பண்ணாதீங்க. உங்க போன்ல பளிச்சுன்னு இருக்கிற படம் பிரிண்ட் போட்டா இருண்டு வரும். பாதி வெளிச்சத்துல எடிட் பண்ணி, வீட்ல இருக்கிற வேற ஒரு போன்லயும் பார்த்துட்டு அனுப்புங்க. தேயிலைத் தோட்டத்துப் பச்சை கண்ணைக் குத்துற பச்சையா மாறியிருந்தா, அந்தப் போன்ல உடனே தெரிஞ்சிடும்.

கூட நாலு வரி எழுதுங்க

படத்தோட ஊர் பேர், மாசம், நேரம், எங்க நின்னு எடுத்தீங்க, இவ்வளவு கண்டிப்பா வேணும். 'ஹம்பி'ன்னு மட்டும் போட்டா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. 'மாதங்க மலை மேலேர்ந்து, ஜனவரி, சூரியன் வந்து பத்து நிமிஷம் கழிச்சு, கீழ அச்சுதராயர் கோயில்'னு எழுதினா அடுத்து போறவங்களுக்கு அது வழிகாட்டி. கூடவே, அந்த இடத்துல உங்களைப் பிடிச்சு நிறுத்தினது எது, அதை ஒரு வரியில சொல்லுங்க. சாயங்காலம் கீழேர்ந்து வந்த மணிச் சத்தமா, ஈரப் பாறையா, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். கூகுள்ல கிடைக்கிற வரலாற்றை முழுசா ஒட்ட வேண்டாம்.

இடத்தைச் சொல்லவே கூடாத படங்களும் உண்டு. பறவைக் கூடு, குஞ்சோட இருக்கிற ஆந்தை, தேவாங்கு, இதையெல்லாம் எங்க பார்த்தோம்னு துல்லியமா போடாதீங்க. திண்டுக்கல், கரூர் பக்கம் கடவூர்ல தேவாங்குக்குன்னே 2022-ல ஒரு சரணாலயம் அறிவிச்சாங்க. கண்ணுக்கு மருந்து, மாந்திரீகம்னு பொய்யான நம்பிக்கையில அதைப் பிடிக்க அலையறவங்களும் இருக்காங்க. நல்ல எண்ணத்தோட நீங்க போடற மேப் அவங்க கைக்கும் போகும். மாவட்டம் பேரோட நிறுத்திக்கோங்க. யாராவது குரூப்ல 'எக்ஸாக்ட் லொகேஷன் ப்ளீஸ்'னு கேட்டா, சொல்ல மாட்டேன்னு சொல்றதுல எந்த அவமரியாதையும் இல்ல.

இப்ப பார்க்கிற விஷயம்

யாராவது படம் போட்டா, முழுத் திரையில திறந்து, மனசுக்குள்ள இருபது எண்ணுற வரைக்கும் ஒண்ணும் டைப் பண்ணாம பாருங்க. இருபது எண்றது அவ்வளவு பெரிய நேரமான்னு தோணும். செஞ்சு பாருங்க, படத்தைத் தள்ளிவிடச் சொல்லிக் கட்டைவிரல் துடிக்கும். அதைத் தாண்டி பார்க்கும்போதுதான் படத்தோட மூலைகள் தெரிய ஆரம்பிக்கும்.

அந்த நேரத்துல உங்களையே மூணு விஷயம் கேட்டுக்கோங்க. கண்ணு முதல்ல எங்க போச்சு? அங்கேர்ந்து எங்க நகர்ந்துச்சு? எது வெளிய இழுத்துட்டுப் போச்சு? இந்த மூணுக்குப் பதில் சொன்னாலே அது நல்ல கருத்து. பெரிய தொழில்நுட்ப வார்த்தை எதுவும் தேவையில்ல. கேமராவே இல்லாதவங்ககூட இதைச் சொல்லலாம். எங்க குரூப்ல ஒருத்தரோட மாமியார் சொல்ற கருத்துக்காகவே நாங்க காத்திருப்போம்.

ஒரு உதாரணம் காட்டுறேன். ஒரு தம்பி தனுஷ்கோடி சர்ச் படம் போட்டிருந்தான். 1964 டிசம்பர் புயல்ல ஊரே அழிஞ்சப்போ மிஞ்சின அந்தச் சுவர்கள்தான். கூரை இல்ல, ஜன்னல் இருந்த இடத்துல ஓட்டை, அதுவழியா நீல வானம். இடது ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு ஒரு பெண்மணி, கையில விக்கிறதுக்கான சங்கு மாலைகள். கீழ பதினஞ்சு 'சூப்பர்'. அதுக்கு நடுவுல ஒரு தங்கச்சி இப்படி எழுதினா:

"என் கண்ணு முதல்ல அந்த ஜன்னல் ஓட்டைக்குப் போச்சுண்ணா, வானம் அங்க ஃபிரேம் போட்ட மாதிரி இருக்கு. அப்புறம் ஓரத்துல அந்த அம்மாவோட கைக்குப் போய் அங்கேயே நின்னுடுச்சு. கையில அத்தனை மாலை. சுவரை மட்டும் பார்த்தா எல்லாம் முடிஞ்சுபோன ஊர். அந்தக் கையைப் பார்த்தா இன்னிக்கும் பொழைப்பு நடக்கிற ஊர். அவங்க முழுசா இருக்கிற படம் ஏதாவது எடுத்தீங்களா?"

எடுத்திருந்தான். குறுக்க வந்துட்டாங்கன்னு ஒதுக்கி வெச்சிருந்தான். அதைத் தேடி எடுத்துப் போட்டான். அந்த அம்மா சுவர் நிழல்ல உக்காந்து மாலை கோத்துக்கிட்டிருந்தாங்க, பின்னாடி அதே ஜன்னல், அதே வானம். அன்னிக்குக் குரூப்ல இருந்த எல்லாரும் ஏதோ ஒண்ணு கத்துக்கிட்டோம். அந்தக் கருத்துல அவ குறைன்னு எதையும் சொல்லலைங்கிறதைக் கவனிங்க. தான் பார்த்ததைச் சொன்னா, ஒரு கேள்வி கேட்டா, அவ்வளவுதான்.

குறை சொல்லவே கூடாதான்னு கேட்டா, தாராளமா சொல்லலாம். கடல் ஒரு பக்கம் சாஞ்சிருந்தா சாஞ்சிருக்குன்னு சொல்லுங்க. ஒருத்தர் தலைக்குப் பின்னாடி விளக்குக் கம்பம் முளைச்சிருந்தா சொல்லுங்க. நடு மதிய வெயில்ல முகத்துல பாதி கறுப்பா போயிருந்தா, எத்தனை மணிக்குப் போயிருந்தா நல்லா வந்திருக்கும்னு சேர்த்துச் சொல்லுங்க. ஒரு படத்துக்கு ஒரு குறை போதும், அதுவும் அடுத்த தடவை திருத்திக்கக் கூடியதா இருக்கணும். முதல் தடவையா படம் போடறவங்களுக்குக் குறையைத் தனியா மெசேஜ்ல சொல்லுங்க, நிறையை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.

'என்ன கேமரா?'ங்கிற கேள்வியை முதல் கேள்வியா கேக்கவே கேக்காதீங்க. அது படத்தைக் கடைக்காரங்களுக்குக் கொடுத்துட்டு, எடுத்தவங்களை விட்டுடற மாதிரி ஆயிடும். எட்டாயிரம் ரூபாய் மொபைல்ல எடுக்கிற காலேஜ் பிள்ளை அந்தக் கேள்வியோட வாயை மூடிக்கும். 'எங்க நின்னீங்க? எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?'ன்னு கேளுங்க. பதில் சொல்றவங்க முகம் மலர்றதை நேர்ல பார்த்தவ நான்.

அடுத்து, எதைப் பார்த்தாலும் 'கொஞ்சம் கிராப் பண்ணுங்க'ன்னு சொல்ற பழக்கம். ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தெரியும் இல்லையா, 1950 ஏப்ரல்ல ரமண மகரிஷியோட கடைசி நாட்கள்ல திருவண்ணாமலைக்கு வந்து படம் எடுத்த பிரெஞ்சுக்காரர். எடுத்த ஃபிரேமை அப்புறம் வெட்டக் கூடாதுங்கிறதுல ரொம்பப் பிடிவாதமா இருந்தவர். அப்படிப்பட்டவரோட ரொம்பப் புகழ்பெற்ற படமே, 1932-ல பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி தண்ணி மேல ஒருத்தர் தாவுற படம், வெட்டப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியா எடுத்ததால ஓரம் மறைஞ்சு போச்சு, வேற வழியில்ல. அதனால கிராப் பாவமும் இல்ல, சர்வரோக நிவாரணியும் இல்ல. எந்த ஓரத்தை வெட்டினா எது போகும், எது மிஞ்சும்னு சொல்ல முடிஞ்சா மட்டும் அந்த ஆலோசனையைக் கொடுங்க.

எடிட்டிங்ல நேர்மை

வெளிச்சம் கூட்டறது, நிறத்தைச் சரி பண்றது, சாஞ்சதை நிமிர்த்தறது, இதெல்லாம் எல்லாரும் செய்யறது, சொல்லவே வேண்டாம். ஆனா வேற வானத்தைக் கொண்டுவந்து ஒட்டினாலோ, குறுக்க நின்ன ஆட்டோவை ஏஐ வெச்சு அழிச்சாலோ ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பயணப் படத்தைப் பார்க்கிறவங்க 'அங்க இப்படித்தான் இருந்துச்சு'ன்னு நம்பிப் பார்க்கிறாங்க. நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையே 1982 பிப்ரவரி அட்டைக்காக எகிப்து பிரமிடுகளைக் கம்ப்யூட்டர்ல நகர்த்தி வெச்சு, இன்னிக்கு வரைக்கும் அதுக்குப் பேச்சு வாங்கிக்கிட்டிருக்கு. அகலமா இருந்த படம் செங்குத்து அட்டைக்குள்ள அடங்கணுங்கிறது மட்டும்தான் காரணம். நம்ம குரூப்ல அந்த அளவுக்கு யாரும் கேக்கப்போறதில்ல, ஆனா உங்க வானத்தை நம்பி ஒரு தங்கச்சி அதே இடத்துக்கு அதே மாசம் பஸ் ஏறிப் போவா, அதை நினைச்சுக்கோங்க.

இதோட சேர்த்து இன்னொண்ணு. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ள செல்போனுக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு. அதுக்கு முன்னாடியும் கருவறையைப் படம் எடுக்கிற வழக்கம் நமக்குக் கிடையாது. யாராவது ஒளிச்சு எடுத்துட்டு வந்து மூலவர் படம் போட்டா, எவ்வளவு அழகா இருந்தாலும் பாராட்டாதீங்க. தனியா கூப்பிட்டு, எடுத்துடச் சொல்லுங்க.

படத்துல இருக்கிற மனுஷங்க

தசரா முடிஞ்சதும் குலசேகரப்பட்டினம் படங்கள் வரும். முத்தாரம்மனுக்கு விரதம் இருந்து, காளி வேஷமோ குறவர் வேஷமோ கட்டி, ஊர் ஊரா காணிக்கை வாங்கிட்டு வந்து கோயில்ல சேர்க்கிற பக்தர்கள் அவங்க. நெருக்கத்துல ஒரு காளி முகம், நாக்கு, கிரீடம்னு எல்லார்கிட்டயும் ஒரே படம்தான் இருக்கும். அதைவிட எனக்குப் பிடிக்கிறது, சாயம் பூசிக்கிட்டிருக்கிற படங்கள், கனமான கிரீடத்தைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு டீ குடிக்கிற படங்கள். ஆனா அந்த மாதிரி படத்துக்குக் கீழதான் கேலியான கமெண்ட்டும் வரும். வேண்டாம். அவர் எத்தனையோ நாள் விரதம் இருந்து, ஒரு வேண்டுதலோட நிக்கிறார். அவர் பக்கத்துல நின்னு அதைப் படிச்சா அவருக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சு எழுதுங்க.

கூவாகத்துக்குப் போறவங்களுக்கும் இதுதான். திருநங்கைகள் தாலி அறுத்து அழுற நேரத்துல முகத்துக்கு நேரா லென்ஸை நீட்டி எடுத்த படத்தை, 'பவர்ஃபுல்'னு தலையில தூக்கி வெச்சா, அடுத்த வருஷம் இன்னும் பத்து லென்ஸ் அங்க நீளும். நாம எதைப் பாராட்டுறோமோ அதுதான் பெருகும்.

யாருக்காவது 'படம் அனுப்புறேன்'னு வாக்குக் கொடுத்திருந்தா, குரூப்ல போடறதுக்கு முன்னாடி அவங்களுக்கு அனுப்புங்க. சின்னப் பிள்ளைங்க படம்னா அப்பா அம்மாகிட்ட கேக்காம எங்கயும் போடாதீங்க.

அடுத்தவங்க படத்தை வேற குரூப்புக்கு அனுப்பணும்னாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டு, பேர் போட்டு அனுப்புங்க. யாரும் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொல்லாத படம்னா, 1957 காப்பிரைட் சட்டப்படி எடுத்தவங்களுக்குத்தான் உரிமை, அதைப் பதிவு பண்ணியிருக்கணும்னுகூட அவசியமில்ல.

கருத்து வாங்கிக்கிறவங்களுக்கு

உங்க படத்தைப் பத்திப் பேசும்போது குறுக்க பேசாதீங்க. 'அன்னிக்குக் கூட்டம், போலீஸ் விடல, லென்ஸ் பத்தல'ன்னு விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சா, அடுத்த தடவை யாரும் மனசுல பட்டதைச் சொல்ல மாட்டாங்க. எல்லாத்தையும் குறிச்சு வெச்சுக்கோங்க, கடைசியா பேசுங்க. மூணு பேர் ஒரே இடத்தைச் சொன்னா அங்க ஏதோ இருக்கு. ஒருத்தர் மட்டும் சொன்னா, அது அவரோட ரசனையா இருக்கலாம், விட்டுடலாம். உங்களுக்குப் பிடிச்ச படத்தை எல்லாரும் வேண்டாம்னு சொன்னாலும், காரணம் உங்களுக்குத் தெளிவா தெரிஞ்சா வெச்சுக்கோங்க.

வாரம் ஒரு 'பெஸ்ட் ஃபோட்டோ'ன்னு ஓட்டு போடற வழக்கம் உங்க குரூப்ல இருந்தா நிறுத்திடலாம்னு நான் சொல்வேன். ரெண்டு மூணு பேரே மாறி மாறி ஜெயிப்பாங்க. மத்தவங்க ஜெயிச்ச படத்தைப் பார்த்து அதே மாதிரி எடுக்க ஆரம்பிப்பாங்க, அப்புறம் எல்லார் மூணாறும் ஒரே மூணாறாயிடும்.

அதுக்குப் பதிலா மூணு மாசத்துக்கு ஒருக்க யார் வீட்லயாவது கூடுங்க, ஆளுக்கு அஞ்சு படம் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க. போன் திரையில பார்க்கிறதும், கையில பிடிச்சுப் பார்க்கிறதும் ஒண்ணே இல்ல. பிரிண்ட்டை யாரும் ரெண்டு செகண்டுல தள்ளிவிட முடியாது, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கை மாத்தித்தான் கொடுக்கணும். 6-க்கு 4 அங்குலம் போதும், பெருசா செலவாகாது. அங்குலத்துக்கு 300 புள்ளின்னு கணக்கு வெச்சா, அதுக்கு 1800-க்கு 1200 பிக்சல் இருந்தா சரியா வரும், எந்த மொபைல் படத்துக்கும் அது இருக்கும். 18-க்கு 12 அங்குலம் போடணும்னா 5400-க்கு 3600 வேணும், அதுக்கு மூலப் படம்தான் சரிப்படும், வாட்ஸ்அப்ல வந்ததைக் கொடுத்தா மங்கலாத்தான் வரும். ஸ்டூடியோவுல கிளாஸியா மேட்டான்னு கேப்பாங்க. பத்து பேர் கையில புரளப்போற படத்துக்கு மேட் வாங்குங்க, விரல் ரேகை பதியாது, டியூப்லைட் வெளிச்சம் அடிக்காது.

டேபிள்ல எல்லாத்தையும் பரப்பி வைங்க, யார் எடுத்ததுன்னு சொல்லாதீங்க. எல்லாரும் ஒரு சுத்து பேசாம பார்த்து முடிச்ச பிறகு பேச்சை ஆரம்பிங்க. புதுசா வந்தவங்க முதல்ல பேசட்டும், அனுபவசாலிங்க கடைசியா. கலையும்போது ஆளுக்கு ஒரு படம், அடுத்தவங்களோடதைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பின்பக்கம் ஊர், மாசம், எடுத்தவங்க பேர் எழுதிக் கொடுக்கணும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தி எழுதினா முன்பக்கம் தடம் தெரியும். மெல்லிசான மார்க்கர்ல ஓரமா எழுதி, காய்ஞ்ச பிறகு அடுக்குங்க. இல்லன்னா மை அடுத்த படத்து மேல ஒட்டிக்கும்.